கட்டளைவரியில் தமிழ்: தவளக்குப்பத்திலிருந்து ஒரு மதிப்பீடு

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்தால் தவளக்குப்பம். கலை அறிவியல் கல்லூரி ஒன்று உள்ள ஊர். கல்லூரி இருக்கும் ஊர் எதுவானாலும் சாலையோரம் ஜெராக்ஸ் கடைகள் இருக்கும். அவற்றில் விண்ணப்பக் காலத்தில் நடப்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள், சான்றிதழ்கள் ஒரே பிடிஎஃப் ஆக என்று தேர்வாணையங்கள் கேட்கின்றன. கடைக்காரர் ஏதோ ஓர் இலவச இணையதளத்தைத் திறந்து, மாணவியின் ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் அதில் ஏற்றிச் சுருக்கித் தருகிறார். அந்தத் தளம் எந்த நாட்டில் இருக்கிறது, ஏற்றிய கோப்பு அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, மாணவிக்கும் தெரியாது.

இதே வேலையை இணையமே இல்லாமல் அவர் முன்னால் இருக்கும் கணினியே செய்துவிடும். இமேஜ்மேஜிக் என்ற கருவியிடம் உச்ச அளவு 50 கேபி என்று சொன்னால், படத்தின் தரத்தைத் தானே குறைத்து அந்த அளவுக்குள் அடக்கிக் கொடுக்கும். கியூபிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்கும், பிரிக்கும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் பிடிஎஃப் கோப்பை இளைக்க வைக்கும். மூன்றுக்கும் விலை இல்லை, மூன்றின் நிரலும் எல்லாரும் படிக்கவும் திருத்தவும் திறந்தே கிடக்கிறது. இமேஜ்மேஜிக் 1987-ல் டுபான்ட் நிறுவனத்தில் ஜான் கிறிஸ்டி எழுதத் தொடங்கியது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் 1988-ல் பீட்டர் டாய்ச் வெளியிட்டது. ஒரு தலைமுறைக்கும் மேலாகக் கிடைக்கும் கருவிகள் சாலையோரக் கடைக்கு ஏன் வந்துசேரவில்லை, வந்தால் தமிழ் வேலைக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி.

வரலாற்றை நீட்டத் தேவையில்லை. 1970-களில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் வளர்ந்தபோது, சிறு சிறு கருவிகளைக் கட்டளைகளாகத் தட்டச்சு செய்து, ஒன்றோடொன்று கோத்து வேலை வாங்கும் கட்டளைவரி வழக்கம் பிறந்தது. டக் மெக்கில்ராய் வற்புறுத்திக் கேட்டு, கென் தாம்சன் 1973-ல் சேர்த்த ‘பைப்’ என்னும் ஏற்பாடுதான் அதன் உயிர்: முதல் கருவி கக்கும் விடையை அடுத்த கருவி உள்ளே வாங்கிக்கொள்ளும். தேடுவதற்குக் கிரெப், மாற்றுவதற்கு செட், கணக்கிடுவதற்கு ஆக் எல்லாம் அந்தப் பத்தாண்டின் பிள்ளைகள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்து, இவற்றைக் கட்டற்ற உரிமத்தில் மறுபடி எழுதும் வேலையைத் தொடங்கினார். 1991-ல் லினக்ஸ் வந்தது. கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாதது என்று பொருளல்ல; ஓட்டவும், படிக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமை உள்ளது என்று பொருள். தவளக்குப்பத்துக் கடைக்காரருக்குக் காசில்லாததும்தான் முக்கியம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கருவிகளுக்காக இயங்குதளத்தை மாற்ற வேண்டிய காலமும் போய்விட்டது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் சூழலை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016-ல் அறிமுகம் செய்தது. 2025-ல் அதன் நிரலையும் திறந்துவிட்டது. இன்றைய மேக்கில் யூனிக்ஸ் அடித்தளம் ஏற்கெனவே உண்டு, 2009-ல் வந்த ஹோம்புரூ மற்றக் கருவிகளை நிறுவிக் கொடுக்கும். ஒரு வேறுபாடு மட்டும் அடிக்கடி காலை வாரும். மேக்கில் இருக்கும் கிரெப்பும் செட்டும் பிஎஸ்டி வழிவந்தவை. லினக்ஸில் இருப்பவை குனு வழிவந்தவை. லினக்ஸுக்காக எழுதிய ஒரு வரியை மேக்கில் ஒட்டினால், கோப்பைத் திருத்தும் செட் கட்டளை பிழை சொல்லி நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் இதைத் தங்கள் குறையாக எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருளுக்கு அரசு ஆதரவு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006, 2007 ஆண்டுகளில் அந்த நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் அதே காலத்தில் பாஸ் என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் இணைந்து வந்தது. மாணவர் பெரும்பாலோர் அந்தப் பகுதியைத் திறந்தும் பார்க்கவில்லை என்பது ஊரறிந்த சங்கதி. கேரளத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம் கட்டற்ற மென்பொருளைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது, தேர்வும் அதிலேயே வைத்தது. நம் பக்கத்தில் இயங்குதளத்தை வட்டில் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று விட்டுவிட்டோம்.

அரசு விட்ட இடத்தைச் சிறு குழுக்கள் பிடித்திருக்கின்றன. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கமும், பக்கத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் கல்லூரி மாணவர்களைக் கூட்டிவைத்து வாரந்தோறும் கற்றுக்கொடுக்கும் மரபை வளர்த்திருக்கின்றன. மென்பொருள் வேலைக்குப் போக நினைப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அங்கே வருபவர்கள் ஏற்கெனவே கணினி படிப்பவர்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர், வரலாறு படிக்கும் மாணவி, பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், சங்கக் கணக்கு எழுதும் மீனவக் கிராமத்துச் செயலர் ஆகியோருக்குத்தான் கட்டளைவரி அதிகம் பயன்படும் என்பது என் கட்சி. நிரலருக்கு நூறு வழிகள் உண்டு. இவர்களுக்கு மவுசால் ஆயிரம் முறை சொடுக்குவதைத் தவிர வேறு வழி சொல்லப்படவில்லை.

மீனவக் கிராமம் என்று சும்மா சொல்லவில்லை. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரம் நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை நடுவாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் எழுதி, வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், நல்லவாட்டு மையத்தின் ஒலிபெருக்கிதான் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கரையிலிருந்து வெளியேற்றியது. அந்த மையங்களை நடத்தியவர்கள் பொறியாளர்கள் அல்லர், ஊரார். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை எடுத்து, தேவையான எண்ணை மட்டும் பிரித்து, தமிழ் வாக்கியத்தில் பொருத்தும் வேலை, இன்று பார்த்தால், அச்சு அசலாகக் கட்டளைவரிக்கு உரிய வேலை. பக்கத்தை எடுக்க கர்ல், எண்ணைப் பிரிக்க ஆக், நேரம் தவறாமல் ஓட்ட கிரான். நேர்த்தியாக எழுதினால் பத்து வரி. கையால் செய்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அறிவிப்பு நின்றுபோகும். கிரானுக்குக் காய்ச்சல் வராது. மின்சாரம்தான் வேண்டும்.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

இந்தக் கருவிகள் பிறந்தபோது ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். ‘தவளக்குப்பம்’ என்று ஒரு கோப்பில் எழுதி, எண்ணும் கருவியான டபிள்யூசி-யிடம் கொடுத்தால், வரி முடிவுக் குறியைக் கழித்து, பைட் கணக்கில் 36 என்கும். குறியீட்டுக் கணக்கில் கேட்டால் 12 என்கும். நம் கணக்கில் அது எட்டெழுத்து. யூனிகோடில் புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியீடுகள், அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் என்பதே காரணம். குனு கிரெப்பின் பெர்ல் வகைத் தேடலில், முழு எழுத்தைப் பிடிக்கும் குறி ஒன்று உண்டு. அதைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எண்ணினால் எட்டு சரியாக வரும். கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணிச் சரிபார்க்க விரும்புபவர் இந்த ஒரு குறியைத் தெரிந்துகொண்டு, ஒற்றெழுத்துகளைக் கழித்துவிட்டால் போதும்.

எல்லாக் கருவிக்கும் இந்த மாற்றுவழி இல்லை. எழுத்துக்கு எழுத்து மாற்றும் குனுவின் ‘டிஆர்’ இன்னும் பைட் பைட்டாகத்தான் பார்க்கிறது. இடைவெளியை வரியாக மாற்றச் சொன்னால் ஒழுங்காகச் செய்யும், தமிழெழுத்தை மாற்றச் சொன்னால் கோப்பையே நாசமாக்கும். அங்கே செட்தான் நம்பத்தக்கது. பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான தேடல் தொகுதியில் ‘சொல்லெழுத்து’ என்னும் குறி நம் புள்ளியையும் துணைக்குறியையும் சொல்லின் பகுதியாகவே ஏற்பதில்லை; சொற்களைப் பிரிக்கச் சொன்னால் ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கும். தமிழில் சொல்லடைவு தயாரிக்க முயலும் முதுகலை மாணவர்கள் முதல்நாளே முட்டிக்கொள்ளும் சுவர் இது.

அகரவரிசை இன்னொரு தலைவலி. யூனிகோடுப் பட்டியலில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று அடுக்கியிருக்கிறார்கள். புள்ளி எல்லாத் துணைக்குறிகளுக்கும் பின்னால் நிற்கிறது. எனவே வெறும் குறியீட்டு வரிசையில் அடுக்கினால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பிறகு வரும், நம் அகராதிகளில் அது ‘க’வுக்கு முன்னால் வர வேண்டியது. லினக்ஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு இடஅமைவுகள் இருக்கின்றன. வரிசைப்படுத்தும் முன் அவற்றில் ஒன்றைச் சூழல்மாறியில் அமைத்துக்கொள்ள வேண்டும். அமைக்காமல் வரிசைப்படுத்திய நூலடைவுகள் அச்சிலேயே வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம்.

இவற்றைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘கொ’ என்ற எழுத்தை ககரத்தோடு ஒரே துணைக்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒரு வடிவத்தில் தேடினால் மற்றது அகப்படாது. ‘ஸ்ரீ’ இன்னும் வேடிக்கை: ஶகரம் 2005-ல்தான் யூனிகோடில் சேர்ந்தது, அதற்குப் பிறகு ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ, ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ என இரண்டு ஒரே முகத்தோடு உலவுகின்றன. கோயில் பெயர்களைத் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார். கொம்பு, கால் சிக்கலுக்கு யூகான்வ் என்ற கருவி உண்டு, கோப்பு முழுவதையும் ஒரே இயல்வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்ரீக்கு அந்த இயல்பாக்கமும் உதவாது, செட் கொண்டு நாமே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். எந்தத் தமிழ்த் தொகுப்பையும் தொடும்முன் இந்த இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

பழைய குறியேற்றங்களின் குவியல் தனிக்கதை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பல ஆண்டுகள் டிஸ்கி குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்ற குறியேற்றங்கள் வந்தன. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துரு கோலோச்சியது, ஈழத்தவரிடையே பாமினி. 2010-ல்தான் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது. இன்றும் பத்தாண்டு பழைய அரசாணையின் பிடிஎஃப்பைத் திறந்து எழுத்தை வெட்டி ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை விழுகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி-யோடு வரும் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. புரூனோ ஹைப்லே என்பவர் 2002-ல் அதை எழுதிச் சேர்த்தார். டிஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் நிற்கும். அந்த இடமாற்றத்தையெல்லாம் அந்தச் சிறு நிரல் சுமக்கிறது. உலகெங்கும் கோடிக்கணக்கான லினக்ஸ் கணினிகளில், தமிழே தெரியாதவர் வீட்டிலும், டிஸ்கி மாற்றி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. மற்றக் குறியேற்றங்களுக்கு முத்து அண்ணாமலை முன்னெடுத்த ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் நூலகத்தில் மாற்றிகள் உள்ளன.

அச்சுப் புத்தகத்தை எழுத்தாக்குவதற்கு டெசராக்ட். எச்பி நிறுவனம் 1985 முதல் 1994 வரை உருவாக்கி, 2005-ல் திறந்துவிட்டது. பின்னர் கூகுள் வளர்த்தது. 2018-ல் வந்த நான்காம் பதிப்பு நரம்பு வலைப்பின்னல் முறைக்கு மாறியபின் தெளிவான தமிழ் அச்சை நன்றாகவே படிக்கிறது. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற துணைக்கருவி அந்த எழுத்தைப் பக்கப் படத்துக்குப் பின்னால் மறைவாகப் பதித்து, புத்தகத்தைத் தேடத்தக்கதாக்கும். எம்.ஜி.ஆர். ஆட்சியின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை போட்ட லை, னை, ளை வந்தால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர், பாரதிதாசன் பிறந்த ஊர், ஆனந்தரங்கர் நாட்குறிப்பு எழுதிய ஊர் என்று பெருமை பேசும் புதுச்சேரிக்குத் தேவையான பழைய பதிப்புகள் எல்லாம் அந்த அச்சில்தான் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நாட்டுடைமையான நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தபோது, அவற்றை எழுத்தாக்கப் பெரிதும் கைகொடுத்தது கணியம் என்ற கட்டற்ற மென்பொருள் மின்னிதழின் த. சீனிவாசன் எழுதிய கட்டளைவரி நிரல். அந்த நிரல் கட்டற்றது. ஆனால் எழுத்தைப் படிக்கும் வேலையை அது கூகுளின் மூடிய சேவையிடம் ஒப்படைத்தது. அன்றைக்கு டெசராக்ட் தமிழில் அவ்வளவு தேறவில்லை, எனவே அந்த முடிவைக் குறை சொல்வதற்கில்லை. கொள்கைத் தூய்மை பார்த்துக் காத்திருந்தால் அந்த நூல்கள் இன்றும் படங்களாகவே கிடந்திருக்கும்.

புதுச்சேரி நகருக்குள் நிலைமை வேறு. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரக்கிழக்குப் பள்ளி என்றழைக்கப்படும் பிரெஞ்சு நிறுவனத்தின் புதுச்சேரி மையமும் பாதுகாக்கும் ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவேட்டில் சேர்த்தது. பாகூர் குப்புசாமி ஊர் ஊராகத் திரட்டிய புதுச்சேரிக் கல்வெட்டுகள், கோ. விஜயவேணுகோபால் பதிப்பில் 2006-லும் 2010-லும் இங்கிருந்தே வெளிவந்தன. தவளக்குப்பத்துக்குத் தென்மேற்கே கொஞ்ச தூரத்தில் இருப்பதுதான் அந்தப் பாகூர். அந்த வகை வேலையின் இன்றைய வடிவம் 2019-ல் ஐரோப்பிய நிதியோடு தொடங்கிய தர்மா திட்டம். கல்வெட்டு ஒவ்வொன்றும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. சிதைந்த எழுத்து எது, பதிப்பாசிரியர் ஊகித்தது எது என்று அதற்குள்ளேயே குறிக்கப்படும். கோப்புகள் கிட் என்ற பதிவேட்டுக் கருவியில் எல்லாரும் பார்க்கத் திறந்திருக்கும். யார், எந்த நாளில், எந்தப் பாடத்தைத் திருத்தினார் என்பது அழியாமல் நிற்கிறது. உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் காட்டிய கவனத்தை இங்கே கருவி காட்டுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கருவுக்காக எழுதிய ஒன்று சோழர் கல்வெட்டின் பாடபேதத்தைக் காக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நகரின் ஆய்வகத்துக்கும் ஊரின் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே என்ன தடை? முதல் தடை ஆங்கிலம். கட்டளைகளின் பெயர் ஆங்கிலச் சுருக்கம், பிழைச்செய்தி ஆங்கிலம், கையேடு ஆங்கிலம். தமிழில் கணியம் வெளியிட்ட லினக்ஸ் நூல்கள் இந்தக் குறையை ஓரளவு தீர்த்திருக்கின்றன. இரண்டாவது தடை கண்ணெதிரிலேயே இருக்கிறது. கட்டளை தட்டும் சாளரமான முனையம், திரையைச் சமக்கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓரெழுத்தை வைப்பது. தமிழ் எழுத்துக்கோ ஒரே அகலம் கிடையாது. பல முனையங்களில் கொம்பு இடம்மாறி நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தில் ஏறிக்கொள்ளும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயந்து மூடிவிடுபவரே அதிகம். விடையைக் கோப்பில் சேமித்து வழக்கமான உரைத்திருத்தியில் திறந்து பாருங்கள், எல்லாம் சரியாக இருக்கும் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டளையை மனப்பாடம் செய்யும் தேவை இப்போது குறைந்துவிட்டது. செய்யறிவு அரட்டைச் செயலிகளிடம் தமிழில் கேட்டாலே எழுதித் தருகின்றன. இமேஜ்மேஜிக்கின் நூறு தெரிவுகளில் எது வேண்டும் என்று தேடி அலைவதைவிட இது மேல். ஆனால் கட்டளைவரியில் குப்பைத்தொட்டி கிடையாது. அழி என்றால் அழித்துவிடும், மேலெழுது என்றால் எழுதிவிடும். மேலே சொன்ன ‘டிஆர்’ விபத்து போன்றவற்றை அந்தச் செயலிகளும் கவனிக்கத் தவறுகின்றன, ஏனென்றால் அவை கற்ற உதாரணங்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கோப்புகளுக்கானவை. ஆகவே கோப்புறையை முதலில் ஒரு படி எடுத்துக்கொண்டு, அந்தப் படியின்மேல் கட்டளையை ஓட்டிப் பார்ப்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கருவிகளில் இன்னும் நிரம்பாத பெரிய குழி தேடலில்தான் இருக்கிறது. ‘மரம்’ என்று கிரெப்பில் தேடினால் மரத்தை, மரத்தின், மரங்கள் எதுவும் கிடைக்காது. ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் சிறியது. வேற்றுமையும் சாரியையும் சந்தியும் ஒட்டிக்கொண்டே போகும் தமிழுக்கு இதுதான் முதன்மையானது. ‘மர’ என்று மட்டும் தேடினால் மரபும் மரணமும் வந்து குவியும். ஸ்னோபால் என்ற கட்டற்ற வேர்ச்சொல் கருவியில் தமிழுக்கும் விதிகள் சேர்ந்திருக்கின்றன. விகுதிகளை வெட்டும் அளவில் அது பயன்படும், சந்தி பிரிக்க அதனால் ஆகாது. சந்தி விதிகளை நன்னூலாகவே கையில் வைத்திருப்பவர்கள் தமிழ்த் துறைகளில் இருக்கிறார்கள், அவற்றைச் செட் விதிகளாக எழுதத் தெரிந்தவர்கள் பயனர் குழுக்களில் இருக்கிறார்கள். தவளக்குப்பத்துக் கல்லூரியின் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே பருவத்தில் ஒரு மாணவர் திட்டமாக இதை எடுத்தால், பெயர்ச்சொல்லின் எட்டு வேற்றுமைக்கு மட்டுமாவது கிரெப்புக்கு முன்னால் பொருத்தத்தக்க ஒரு சிறு நிரல் வந்துவிடும். வினைச்சொல்லை அதற்குப் பிறகு பார்க்கலாம். அது பத்து மடங்கு வேலை.